தெற்கே விழுந்த நிழல்

நானூற்றுப் பன்னிரண்டாம் கூரையின் நிழல் தெற்கே விழுந்திருந்தது.

மற்ற எல்லாக் கூரைகளின் நிழல்களும் வடக்கே சாய்ந்து, பக்கத்து முடுக்குச் சந்துகளையும் படிக்கட்டுகளையும் மூடிக்கொண்டு நீளமாகக் கிடந்தன. இது ஒன்று மட்டும் குட்டையாக, எதிர்ப்பக்கம். பரமேஸ்வரன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுப் படத்தைப் பார்த்தான். வெளியே சாரல், விழுகிற சத்தம்கூடக் கேட்காத அளவுக்கு மெலிசாக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து வருகிற காற்றில் ஈரச் சிமெண்டு வாசனையும் யாரோ வீட்டில் வெங்காயம் தாளிக்கிற வாசனையும் கலந்து, அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியாக அறைக்குள் வந்தது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது.

கொரியாவில் ஏதோ ஒரு நகரத்தின் மலைச்சரிவுக் குடியிருப்பு அது. பெயர் அவனுக்குச் சொல்லப்படவில்லை. வேலைக் குறிப்பில் 'தொகுதி பதினேழு' என்று மட்டும் இருந்தது. அங்கே ஓர் அருங்காட்சியகம் அந்தக் குடியிருப்பின் ஐம்பது ஆண்டு வரலாற்றைப் படங்களாகச் சேகரிக்கிறது. 1969 முதல் 2022 வரை விமானத்திலிருந்து எடுத்த ஏழு படங்கள். ஒவ்வொன்றிலும் கூரைகளைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். நிழலின் நீளத்தை அளந்தால் கட்டடத்தின் உயரம் கிடைக்கும். பிறகு இருக்கிறது, இடிந்தது, புதியது என்று குறிக்க வேண்டும். தென்காசியில் ஒரு மாடியறையில் துல்கர்னைன் நடத்துகிற சின்ன அலுவலகத்துக்கு வந்த வேலை. இருவரும் கல்லூரியில் ஒரே வகுப்பு. பரமேஸ்வரன் மேலகரத்து வாடகை வீட்டிலிருந்தபடியே செய்துகொடுக்கிறான். நான்கு வருடமாக இதே மேசை, இதே நாற்காலி.

துல்கர்னைனுக்குப் போன் செய்தான்.

"நெழல் தெக்க விழுதா? ஏலே, அந்த ஊர்ல சூரியன் எப்பவும் தெக்கதாம்லே நிக்கும். நெழல் வடக்கதான் விழணும்."

"அதான் சொல்லுதேன். எண்பத்தெட்டாம் வருசப் படம். நானூத்திப் பன்னெண்டு."

"துண்டு துண்டா எடுத்த படத்த ஒட்டுனவன் தூங்கிக்கிட்டே ஒட்டிருப்பான். இரு, திறக்கேன்." அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆமா. சுத்தி எல்லாம் ஓட்டு வீடு, செங்கல் வீடு. இது மட்டும் நம்மூரு மொட்டமாடி மாதிரி இருக்கு. மேல செவப்பா என்னமோ காயுது. பக்கத்துல ஒரு ஆளு குப்புறக் கெடக்க மாதிரியில்லா இருக்கு. வெயில் காயுதாளோ என்னவோ." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. யாரிடம் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சாப்ட்டியாலே பரமு?"

"சாப்ட்டேன்."

"தப்புன்னு ஒரு குறி போட்டு விட்டுரு. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

குறி போடவில்லை. பெரிதாக்கிப் பார்த்தான்.

தட்டையான கான்கிரீட் கூரை. வடகிழக்கு மூலையில் தண்ணீர்த் தொட்டி. கிழக்கு ஓரத்தில் படி ஏறி வருகிற இடம். நடுவில் பாய் அகலத்துக்குச் சிவப்பு. சிவப்பின் விளிம்பில் ஒரு கருப்புப் புள்ளி, அதைத் தொடர்ந்து வெளிர்நிறத்தில் ஓர் உடல்.

1969-ஆம் ஆண்டுப் படத்தைத் திறந்தான். கருப்பு வெள்ளை. நகரத்தின் நடுவிலிருந்து விரட்டப்பட்டவர்கள் லாரிகளில் வந்து இறங்கிய சரிவு அது என்று குறிப்பில் இருந்தது. கூடாரத்துணியும் பலகையும் வைத்துக் கட்டிய குடிசைகள் மலையை ஒட்டுண்ணிபோலப் பற்றியிருந்தன. தெரு இல்லை, மண்ணில் மிதித்து உண்டான தடங்கள்தான். அவற்றின் நடுவே, பக்கத்தில் ஒரு கான்கிரீட் கட்டடம்கூட இல்லாத இடத்தில், அதே மொட்டைமாடி இருந்தது. அதன் மேல் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். சற்றுக் குனிந்து. கீழே எதையோ கையால் கிளறிவிடுகிறவளைப் போல.

1978. குடிசைகள் போய்ச் சிமெண்டு ஓடு போட்ட வீடுகள் வந்துவிட்டன. படிக்கட்டுத் தெருக்கள், ஒரு பொதுக் குழாய், அதன் முன் வரிசையாகக் குடங்களோ வாளிகளோ. நானூற்றுப் பன்னிரண்டு அப்படியே இருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தலையில்.

1988-இல் அவள் குப்புறக் கிடந்தாள்.

1997. செங்கல்லில் மூன்று மாடி, நான்கு மாடி வீடுகள். கூரைகளில் பச்சைப் பூச்சு. வாடகைக்கு விடக் கட்டியவை. ஒவ்வொரு கூரையிலும் மஞ்சள் தொட்டி. அவள் ஒரு கஜம் நகர்ந்திருந்தாள். சிவப்பின் நடுவே அவள் போன வழி சாம்பல்நிறக் கோடாகத் தெரிந்தது.

பரமேஸ்வரனின் காதுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டது.

அவன் ஊரில், ஆனி மாதத்தில், உச்சிப்பொழுதில், சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். குட்டையாக விழும். அது படத்தை ஒட்டியவனின் தவறு அல்ல. அந்தக் கூரையின் மேல் மட்டும் மேலகரத்து வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அவன் மனைவி மஞ்சு செத்ததும் ஆனி மாதம்தான். போன வருடம். சாரல் ஒரு மணி நேரம் விட்டு வெயில் அடித்த பொழுதில், சாம்பார்ப்பொடிக்கு வாங்கிய மிளகாய் வத்தலை மாடியில் விரித்துவிட்டு, மறுபடி மேகம் கூடுவதற்குள் கிளறிவிடப் போயிருந்தாள். அவன் இதே நாற்காலியில் இருந்தான். மாடிப்படி அறைக்கு வெளியேதான். மேலே ஒரு கிண்ணம் விழுந்தாலும் கேட்கும்.

"இங்கேருங்க" என்றாள்.

"வாரேன்" என்றான். திரையில் இருந்தவை வேறொரு நாட்டின் கூரைகள். அந்தத் தொகுதியில் இன்னும் பதினான்கு பாக்கி.

"இங்கேருங்க, கொஞ்சம் வாங்களேன்."

"வாரேன்னு சொல்லுதேம்லா!"

வத்தலை அள்ளக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான். மூன்றாவது தடவை சொல் எதுவும் வரவில்லை. காய்ந்த வத்தல் சரசரக்கிற சத்தம்தான் கேட்டது. விட்டு விட்டு. உள்ளே விதைகள் கலகலக்கிற சத்தம். அவளே அள்ளுகிறாள் என்று எண்ணிக்கொண்டான். பதினான்கு கூரைகளையும் முடித்தான். இருபத்தைந்து நிமிடம் ஆனது.

அவள் படிவாசலில் கிடந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். முழங்காலிலும் முழங்கையிலும் வத்தல் ஒட்டியிருந்தது. அவள் விழுந்த இடத்திலிருந்து படிவாசல்வரை வத்தல் நசுங்கி ஒரு தடம் இருந்தது. பார்த்தவர் யாருக்கும் அது என்ன என்று புரிந்துவிடும்.

அவன் செய்த முதல் காரியம் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டது அல்ல. சுளகை எடுத்து வத்தலை எல்லாம் அள்ளினான். தடத்தைத் துடைப்பத்தால் கூட்டினான். அவளுடைய முழங்காலைத் தட்டிவிட்டான். பிறகுதான் கத்தினான்.

எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். ஹெட்போன் போட்டிருந்தேன், கேட்கவில்லை. எல்லோரும் நம்பினார்கள். அழுதார்கள். அவன் அழவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டான் என்று அதற்கும் இரக்கப்பட்டார்கள்.

2006. சரிவு முழுவதும் இடிக்கப்படப் போகிறது என்று அறிவித்துவிட்ட ஆண்டு. பாதி வீடுகள் காலி. கூரைகளில் நீலத் தார்ப்பாய். அவள் இன்னும் ஒரு கஜம் நகர்ந்திருந்தாள்.

2014. இடித்த செங்கல் மேடுகள், மண்வாரி இயந்திரங்கள், மண்ணில் சக்கரத் தடங்கள். அவளுடைய வலது கை படிவாசலை எட்டியிருந்தது.

2022. சரிவைச் சமப்படுத்தி இருபத்தைந்து மாடிக் கட்டடங்கள். ஒன்றுபோல ஒன்று. அவற்றின் பிரமாண்டமான நிழல்கள் வடக்கே கிடந்தன. நடுவில் இருந்த புல்வெளியில், எதுவும் இருக்கக்கூடாத இடத்தில், நானூற்றுப் பன்னிரண்டு. அவள் படிவாசலில் கிடந்தாள். கை முதல் படிக்கு உள்ளே தொங்கியது.

ஐம்பத்துமூன்று வருடம். இருபத்தைந்து நிமிடம். அவன் போய்ப் பார்க்காததை யாரோ மேலிருந்து படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

அறையில் வத்தல் நெடி. மூக்கின் உள்ளே எரிந்தது. ஒரு வருடமாக அவன் வீட்டில் வத்தல் வாங்கியதே இல்லை.

தலைக்கு மேலே சரக்கென்று ஒரு சத்தம். பிறகு விட்டு, மறுபடி.

கதவு தட்டப்பட்டது.

மாமனார் தாணு நின்றிருந்தார். ஆய்க்குடியிலிருந்து வந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு, கையில் மங்குஸ்தான் பழம் நிறைந்த பை. எண்ணெய் வாசனையோடு சிரித்தார்.

"மெயினருவியில தண்ணி கூடுதல்னு வெரட்டிட்டான் மாப்ள. ஐந்தருவிக்குப் போனா கேரளாக்காரன் கூட்டம், காலு வைக்க எடமில்ல. ஒரு ஓரமா தலைய மட்டும் காட்டிட்டு வாரேன். என்ன, மெலிஞ்சிட்டிய? சாப்டுதியளா இல்லியா?"

"சாப்டுதேன் மாமா. உக்காருங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து பழத்தை உடைத்து ஒவ்வொரு சுளையாக அவனிடம் நீட்டினார். தன் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல. இவன் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். இனிப்புத் தெரியவில்லை.

"சுத்தி வளைக்கல மாப்ள" என்றார். "வருசம் திரும்பியாச்சு. தெவசமும் கொடுத்தாச்சு. நம்ம சங்கரிக்கும் பாத்துக்கிட்டுதான் இருக்கோம். தெரியாத எடத்துல குடுத்துட்டு என்ன ஏதுன்னு முழிக்கதுக்கு, தெரிஞ்ச மனுசன் கையில குடுத்தா நாங்க நிம்மதியா கண்ண மூடுவோம். அவளுக்கும் சம்மதம். நீங்க மஞ்சுவப் பாத்துக்கிட்ட மாதிரி யாரு பாப்பா?"

பரமேஸ்வரன் தரையைப் பார்த்தான். சங்கரேஸ்வரி மஞ்சுவின் தங்கை. கல்யாணத்தின்போது பன்னிரண்டாம் வகுப்பு. பந்தலில் அவன் செருப்பை ஒளித்துவைத்து மாலை வரை திண்டாடவிட்டவள்.

"போன வாரம் ஒரு சொந்தக்காரன் கேக்கான். பொண்டாட்டி மாடியில கெடக்கும்போது இவரு வீட்டுலதான இருந்தாருன்னு. விட்டேனா நான்? ஏலே, காதுல அத மாட்டிருந்தா இடி விழுந்தாலும் கேக்காதுல, பெத்தவன் நானே ஒத்துக்கிட்டேன், ஒனக்கு என்னலே வலின்னு கேட்டுட்டேன்."

அவமானத்தில் முகம் சுட்டது. காது மடல்கள் எரிந்தன. இந்த மனிதர் தனக்காகச் சண்டை போட்டிருக்கிறார். ஒரு பொய்க்காக.

தாணு போனை எடுத்து மகளை அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். "ஏட்டி, அத்தான் பக்கத்துலதான் இருக்காக. பேசு."

"அத்தான்" என்றது குரல். மஞ்சுவின் குரல்போலவே, சற்று மெலிசாக. "ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிருதேன். நான் ரெண்டாந்தாரம் இல்ல. அந்தக் கம்ப்யூட்டரு மொதத்தாரம், அக்கா ரெண்டு, நான் மூணாவது."

"ஏட்டி, வாயி!" என்று தாணு சிரித்தார்.

அந்தப் பக்கம் அவளும் சிரித்தாள். பிறகு தணிந்த குரலில், "அக்கா சொல்லுவா அத்தான். ஒரு குரல் குடுத்தாப் போதும், இருக்கத அப்படியே போட்டுட்டு வந்துருவாகன்னு. எனக்கும் அது போதும்."

போன் அணைந்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. கேட்டது மாமா. மூன்று தடவையும் கேட்டது. இவ்வளவுதான். இதைச் சொன்னால் அந்தப் பெண் தப்பிவிடுவாள். இவர் எழுந்து போய்விடுவார். ஒருவேளை அடிப்பார். அடித்தால் நல்லது. ஊர் காறித் துப்பும். அதுவும் சரிதான்.

"மாமா. அன்னைக்கு."

"சொல்லுங்க மாப்ள."

தாணு பழத்தோலைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தச் சந்தேகமும் இல்லாத கண்கள்.

மேலே சரசரத்தது.

தாணு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். "மேல என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"வத்தல் மாதிரியில்லா கேக்கு. வாடையும் வருது. காயப் போட்டிருக்கியளா? சாரல் விழுது மாப்ள, நனைஞ்சிரப் போவுது." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "நீங்க இருங்க. நான் போயி அள்ளிட்டு வாரேன்."

"வேண்டாம் மாமா."

"அட, ரெண்டு படி. இதுல என்ன?"

அவர் வாசலைக் கடந்து படியில் கால் வைத்துவிட்டார். முதல் படி. மேலே சத்தம் நின்றது. காத்திருப்பதுபோல. தாணு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது படி. மேலே போனால் பார்த்துவிடுவார். என்ன இருந்தாலும், எது கிடந்தாலும், அந்தத் தடத்தைப் பார்த்துவிடுவார்.

மூன்றாவது படி.

"சரி மாமா" என்று பரமேஸ்வரன் கத்தினான்.

தாணு திரும்பினார்.

"எனக்குச் சம்மதம். ஆவணியிலயே வச்சிருவோம். நீங்க கீழ வாங்க. வீட்டுல மொதல்ல சொல்லுங்க."

தாணுவின் முகம் மலர்ந்தது. மூன்று படிகளையும் சின்னப் பையன்போல இறங்கி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் நீர். "எம்புள்ளையக் காப்பாத்திட்டிய" என்றார். வத்தலை மறந்துவிட்டார். முற்றத்துக்குப் போய்ப் போனில் ஒவ்வொருவரையாக அழைத்துச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். "ஏளா, சரின்னுட்டாரு! ஆமா, அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

பரமேஸ்வரன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். மணி ஐந்தேமுக்கால். மேலே சத்தம் இல்லை. வத்தல் நெடியும் இல்லை. வெளியே சாரல் மட்டும், நூல்நூலாக. கோப்புகளை அனுப்பிவிட்டால் போதும். தப்பு என்று குறி போட்டு அனுப்பிவிட்டால் இந்தப் படங்கள் அவனிடமிருந்து போய்விடும். அந்த ஊரில் யாரோ பார்த்துக்கொள்வார்கள்.

திரையில் 2022 அப்படியே திறந்திருந்தது.

இருபத்தைந்து மாடிக் கட்டடங்கள். வடக்கே நிழல்கள். புல்வெளி. எதுவும் மாறவில்லை. நானூற்றுப் பன்னிரண்டை மட்டும் பார்க்காமல் குறி போட நினைத்தான். பார்த்தான்.

சிவப்பு.

கூட்டி அள்ளியதுபோல் தடம் மறைந்திருந்தது. கூரையின் நடுவில் புதிதாக, சுத்தமாக, பாய் அகலத்துக்கு விரித்த வத்தல்.

அதன் நடுவில் ஒருத்தி நின்றாள். சற்றுக் குனிந்து. கையால் கிளறிவிட்டபடி. குட்டை நிழல், தெற்கே.

மஞ்சு அல்ல. மஞ்சு படிவாசலில் கிடந்தாள். கை படிக்குள் தொங்க, அதே இடத்தில்.

நிற்பவள் வேறு.

இன்னும் உட்காரவில்லை. இன்னும் விழவில்லை. இன்னும் கூப்பிடவில்லை.

முற்றத்தில் தாணு சிரித்தார். போனுக்குள் சங்கரியின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

எழுந்து போய்ச் சொல்லலாம். நான்கு எட்டு தூரம். பரமேஸ்வரன் எழவில்லை. கை தானாகச் சக்கரத்தைச் சுழற்றிப் படத்தைப் பெரிதாக்கியது. இன்னும். இன்னும்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் எந்த மனிதருக்கும் முகம் இருக்காது. தலைமுடி மட்டும்தான். கருப்பு.

நிற்பவளின் தலை கருப்பாக இருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது. குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள்.

படிவாசலில் கிடந்தவளின் தலையில் கருப்பு இல்லை.

வெளிறிய வட்டம். அதில் இரண்டு புள்ளிகள்.

மஞ்சு திரும்பிப் படுத்து, மேலே, நேராக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.